மஞ்சள் பூசிய அரிவாள்

கரைக்கு இன்னும் இருபது துடுப்புத் தூரம் இருக்கும்போதே தையல்நாயகிக்குத் தன் புருஷன் யாரென்று தெரிந்துவிட்டது. முகத்தை வைத்து இல்லை, முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. முன்னால் போன சாமான் படகிலிருந்து வீசிய கயிற்றை, முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு நெடிய ஆள் இடது கையால் பிடித்தான். பிடித்த வேகத்தில் இடது கையாலேயே மளமளவென்று சுருட்டினான். வலது கை சும்மா இடுப்பில் கிடந்தது. அவ்வளவுதான், அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இவர்தான், பீச்சாங்கைக்காரர். மடியில் இருந்த துணி மூட்டையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். மூட்டைக்குள் அரிவாள் இருந்தது. அந்த அரிவாளைத்தான் அவள் வைகாசி மாதம் நாகப்பட்டினத்தில் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை கடல் தாண்டி இருந்தால் அவன் புழங்கிய கத்தி வந்து மணையில் உட்காரும், அவர்கள் கொடிக்கால் ஜனங்களுக்குள் அது உண்டு. வெள்ளைக்காரன் பினாங்கில் காட்டை வெட்டி ஊர் போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வெற்றிலைக் கொடி வளர்த்த கை மிளகுக் கொடியையும் வளர்க்கும் என்று நாகப்பட்டினப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் பெண்களைக் கொண்டுபோகவில்லை. நாலு பேர் சேர்ந்து, மேஸ்திரியின் அக்காள் குப்பம்மாளிடம் ஆளுக்கொரு அரிவாளைக் கொடுத்து, பெண் பார்த்து முடித்துக் கூட்டிவா என்று போன கார்த்திகையில் கப்பல் ஏற்றினார்கள். அவள் நாலு பெண்களைப் பார்த்தாள், முடித்தாள், இதோ கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். படகில் எதிரே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

தையலுக்குச் சொல்லப்பட்ட பெயர் உத்தண்டி. கேட்ட அன்றே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. உத்தண்டி, உத்தண்டி என்று சொல்லிப் பார்த்தாலும் யாரோ வாசலில் நின்று அதட்டுகிற மாதிரியே இருந்தது. அரிவாள் அப்படி இல்லை. கப்பலில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எல்லாரும் வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்தபோது, அவள் மூட்டைக்குள் கையை விட்டுப் பிடியைத் தொட்டாள். கல்யாணத்தில் அப்பிய மஞ்சளும் சந்தனமும் காய்ந்து பொரிந்து போயிருந்தது. நகத்தால் சுரண்டச் சுரண்ட மரம் தட்டுப்பட்டது, மரத்தில் ஒரு பள்ளம். கட்டைவிரல் வைத்து வைத்து வருஷக்கணக்காகத் தேய்ந்த பள்ளம். அப்பாவின் அரிவாளை எட்டு வயதிலிருந்து பிடித்தவள் அவள், பள்ளம் எங்கே இருக்க வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும். இதில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கையை மாற்றி இடது கையில் பிடித்தாள். கட்டைவிரல் தானாகப் போய் அதில் படுத்துக்கொண்டது. அன்று முழுக்க அவளுக்கு ஒரே சிரிப்பு, ஒரே வெட்கம். ஒரு ஆளின் ரகசியத்தை அவன் இல்லாதபோது பார்த்துவிட்ட மாதிரி. அப்புறம் பதினாறு நாள், கப்பல் ஆடுகிறபோதெல்லாம் விரலை அதில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். பெரிய கை, அவசரப்படாத கை, ஏனென்றால் பள்ளம் ஒரே இடத்தில்தான் இருந்தது, அங்குமிங்கும் அலைந்து தேயவில்லை. பிடியின் அடியில் மூன்று சின்னக் கீறல், அது என்ன அடையாளமோ. பெயர் கிடக்கட்டும், கை நல்ல கை. பக்கத்தில் படுத்த அஞ்சலை, அவளும் மணப்பெண்தான், இதற்கு நேர்மாறு. அவளுக்குச் சொல்லப்பட்ட பெயர் மாசிலாமணி. அந்தப் பெயரை அவள் வாயில் கற்கண்டு மாதிரி ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். அரிவாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தையலுக்கா, பேரே இப்பிடி இருக்கே, ஆளு எப்பிடி இருப்பாரு?" என்று ராவும் பகலும் அதே கேள்வி. கடைசி நாட்களில் தையலுக்கே அந்த மாசிலாமணி தெரிந்தவர் போல ஆகிவிட்டது. பதினேழு வயசுப் பெண், தாய் இல்லாதவள், போய்ச் சேருகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மனசாரத்தான் நினைத்தாள்.

"எலே மாசிலாமணி, அந்தக் கயித்த விட்டுட்டு இந்தப் படகப் புடி, பொம்பளைங்க எறங்கணும்ல" என்று கரையிலிருந்து மேஸ்திரி கத்தினார். நெடிய ஆள் திரும்பினான். வேறு யாரோ திரும்புவார்கள் என்று தையல் பார்த்தாள். மேஸ்திரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றான், அவன் திரும்பவில்லை. நெடிய ஆள்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இந்தப் படகைப் பார்த்து வந்தான், இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு. அஞ்சலை அவள் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, அவராம். அவர்தானாம்." கிள்ளியது வலிக்கவில்லை. எங்கோ வேறு யாருடைய தொடையோ மாதிரி இருந்தது. மாசிலாமணி பீச்சாங்கைக்காரர். அப்படியானால் உத்தண்டியும் பீச்சாங்கைக்காரரா, நாலு பேரில் இரண்டு பேரா, இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது, ஊரில் அவள் பெரியப்பா மகன் ஒருவன், கோவில் மேளக்காரன் ஒருவன், தேடினால் எத்தனையோ பேர். தேடிக்கொண்டே இருக்கும்போது மணைதான் கண்முன் வந்தது. ஒரே முகூர்த்தம், ஒரே மணை, நாலு அரிவாள் வரிசையாக. குப்பம்மா அக்காள் எந்தக் குறையும் வந்துவிடக் கூடாதென்று கை நிறைய மஞ்சளை எடுத்து பிடியென்ன, அலகென்ன, ஒன்று விடாமல் அப்பினாள், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். அப்பி முடித்தபோது நாலும் ஒன்றுபோல இருந்தன. பிறகு கற்பூரத் தட்டு வைக்க இடம் வேண்டுமென்று யாரோ மணையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். நகர்த்தும்போது ஒன்று சரிந்து விழுந்தது, அதை எடுத்துத் திரும்ப வைத்தார்கள். யார் வைத்தது? எந்த இடத்தில் வைத்தது? அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், புகை கண்ணைக் கரித்தது, ஒரு கை மட்டும் தெரிந்தது, கண்ணாடி வளையல் போட்ட கை. அந்தக் கைதான். அந்த வளையல்காரிதான் அவள் புருஷனை மாற்றி வைத்தது. ஆனாலும் முதலில் வந்தது பயம் இல்லை, அதை மறைத்துப் பயனில்லை, முதலில் வந்தது சந்தோஷம்தான். கை சரி, பெயர்தான் தப்பு. பிடிக்காத பெயர் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டால் போதும். இன்னும் பாதிக் கல்யாணம்தான் ஆகியிருக்கிறது, மீதி இங்கே கரையில். பெண் அரிவாளைக் கொடுக்க வேண்டும், ஆண் சோற்றுக் கையால் வாங்கி, அதன் வாயால் ஒரே வெட்டில் தேங்காயைப் பிளக்க வேண்டும், காய் பிளந்தால்தான் அவன் புருஷன், இவள் பெண்டாட்டி. காய் இன்னும் பிளக்கவில்லை. குப்பம்மா அக்காவிடம் மெல்ல, "அக்கா, மஞ்சளுக்கு அடியில அரிவா மாறிப்போச்சு, பிடியைப் பாருங்க" என்று சொல்ல வேண்டியதுதான். அஞ்சலை அழுவாள். இரண்டு நாள் அழுவாள். பெயரைத்தானே பிடித்துக்கொண்டாள், பெயர் மறந்துவிடும். தையல் மனசுக்குள் வாக்கியத்தைக் கோத்து வைத்துக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் மணல் நழுவியது, அல்லது இருபத்திரண்டு நாள் கப்பலில் இருந்த காலுக்கு அப்படித் தோன்றியது. கரையில் கருகிய மரக்கட்டைகள், புகை, ஈர மண் வாசனை, கோவில் என்று எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பலகைக் கொட்டகையும் அதன் முன்னால் ஒரு கல்லும் நாலு தேங்காயும்தான் இருந்தன. "அக்கா," என்று குப்பம்மாளின் முந்தானையைப் பிடித்தாள், வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அப்போது மேஸ்திரிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள், திரும்பாத ஆள், திரும்பினான். வலது தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுக் கை வரைக்கும் மூடியிருந்தான். காற்றடித்துத் துண்டு விலகியது. மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தோல் பளபளவென்று, ரோஜா நிறத்தில், மூட்டையை இழுத்துக் கட்டியது போல் சுருங்கி இருந்தது. தையல் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், விரல்கள் பின்னால் எங்கோ மடங்கி இருக்கும் என்று தேடினாள். குப்பம்மாள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டாள். "அட பாவி உத்தண்டி, எப்படா இது? நான் கப்ப ஏறச்சே முழுசா இருந்தியேடா." "தை மாசங்க்கா" என்றான் அவன். "மரம் சாயிறப்ப சங்கிலி இழுத்துக்கிச்சு. எழுதி அனுப்பலாம்னா எழுதுறதும் இந்தக் கையிதான்." யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத்தான் சொன்னான் போலிருக்கிறது. அவன் தையலைப் பார்க்கவில்லை, துண்டைச் சரி செய்துகொண்டான். இவர்தான் உத்தண்டி. கேட்டவுடன் அதட்டுகிற பெயர், ஆள் என்னவோ அதட்டுகிற மாதிரி இல்லை, யாரும் அடிக்கப் போகிறார்களோ என்று நிற்கிற மாதிரி நின்றான். நாக்கு நுனியில் இருந்த வாக்கியம் அங்கேயே கல்லாகிவிட்டது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? மொண்டிக் கையைப் பார்த்தாள், முழுக் கைக்காரன் மேல் கண் வைத்தாள், கத்தி மாறிப்போச்சு என்று கதை கட்டினாள் என்பார்கள். அரை நாழிகை முன்னால் சொல்லியிருந்தால் உண்மை, படகில் சொல்லியிருந்தால் உண்மை, ஒரு துண்டு விலகியதில் அதுவே பொய்யாகிவிட்டது. ஆனால் உண்மைதானே. பிடியில் பள்ளம் இருக்கிறதே, மூன்று கீறல் இருக்கிறதே, எடுத்துக் காட்டினால் ஊர் உலகம் ஒத்துக்கொள்ளுமே. ஒத்துக்கொண்டால் அஞ்சலை இந்த ஆளிடம் போவாள். பதினேழு வயசு. அக்கா அக்கா என்று இருபத்திரண்டு நாள் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளை. போகட்டுமே, அது அவள் கத்தி, அவள் விதி, நானா மாற்றி வைத்தேன். இதை நினைத்தது தான்தானா என்று தையலுக்குத் திடுக்கென்றது. ஆமாம், தான்தான். வேறு யாரும் அவள் தலைக்குள் இல்லை. அவள் மறுபடி அந்தச் சுருங்கிய தோலைப் பார்த்தாள், மறுபடி விரல்களைத் தேடினாள்.

முதலில் மற்ற இரண்டு பெண்களுக்கு, அக்காள் தங்கை இருவருக்கும், ஆயிற்று. இரண்டு காய் பிளந்தது, இரண்டு குலவை. மூன்றாவது அஞ்சலை. அவள் மஞ்சள் பொரிந்த அரிவாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். மாசிலாமணி சோற்றுக் கையால் வாங்கினார். தையல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையை மட்டும் பார்த்தாள். பழக்கத்தில் அரிவாள் இடது கைக்குப் போயிற்று, போனதும் கட்டைவிரல் பிடியின் மேல் ஊர்ந்து தேடியது. தேடிய இடத்தில் பள்ளம் இல்லை. விரல் நின்றது. இதோ, தெரிந்துவிட்டது அவருக்கு, நான் சொல்ல வேண்டாம், அவரே சொல்லிவிடுவார், பழி என் மேல் இல்லை. மாசிலாமணி நிமிர்ந்தார். நேராக உத்தண்டியைப் பார்த்தார், அவன் தோளில் இருந்த சிவப்புத் துண்டைப் பார்த்தார். பிறகு தையலைப் பார்த்தார், அவள் மூட்டையைப் பார்த்தார். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். அந்த நேரத்தில் அவர் என்ன யோசித்தார் என்று அவளுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. கை போன சிநேகிதனுக்கு வந்த பெண்ணைத் தட்டிப் பறிக்க வேண்டாமென்றா, தையல் கறுப்பு, அஞ்சலை சிவப்பு என்றா, அல்லது கத்தியில் என்ன இருக்கிறது, எந்தப் பெண்ணானால் என்ன என்றா. "என்னடா மாசிலாமணி, மொகூர்த்தம் போவுது" என்றாள் குப்பம்மாள். "ஒண்ணுமில்லக்கா, மஞ்ச வழுக்குது" என்றார் அவர். தேங்காயை வலது உள்ளங்கையில் வைத்தார், வெட்டினார், காய் கிண்ணம் மாதிரி இரண்டாகப் பிளந்தது. குலவை. அஞ்சலை இரண்டு மூடியையும் வாங்கிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நின்றாள். அவ்வளவு நல்ல வெட்டு. அது தன் அரிவாளே இல்லையென்று தெரிந்தும் அவ்வளவு நல்ல வெட்டு. பதினாறு நாள் விரலை வைத்துக்கொண்டு தூங்கிய பள்ளத்துக்குச் சொந்தக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு அஞ்சலையின் மரப் பெட்டியைத் தூக்கினார், இடது கையால். அவளுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. கேட்காமலே கொடுத்துவிட்டார்கள், கேட்காமலே எடுத்தும்விட்டார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

"தையலு, வாம்மா." கால் நடந்தது. மூட்டையை யார் பிரித்தார்கள் என்று தெரியவில்லை, அரிவாள் கையில் இருந்தது. உத்தண்டி எதிரே நின்றான். வலது கையை நீட்டப் போனான், பாதியில் நிறுத்தினான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பீச்சாங்கையால் எப்படி வாங்குவது, அபசகுனம், மேஸ்திரி வாங்கிக் கொடுக்கட்டும் என்றார்கள். அவன் இடது கையை நீட்டினான். உள்ளங்கையெல்லாம் புதுக் காய்ப்பு, சில காய்ப்பு உடைந்து ரத்தம் கட்டியிருந்தது, பழகாத வேலை செய்கிற கை. அவள் வைத்தாள். அவன் கட்டைவிரல் தானாகப் போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது. அரிவாளைத் திருப்பிப் பிடியின் அடியைப் பார்த்தான், மூன்று கீறலைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "இது என் அருவா இல்ல" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மாசிலாமணியோடது. ஒனக்குத் தெரியுமா?" "தெரியும்" என்றாள். "எப்பலேருந்து?" "படகுலேருந்து." அவன் அரிவாளைத் தாழ்த்தினான். "காய் இன்னும் ஒடையல. நான் சத்தம் போட்டுச் சொல்லிடுறேன். நீ சொன்னாத்தான் ஒரு மாதிரி நெனப்பாங்க. நான் சொன்னா நெனைக்க மாட்டாங்க." துண்டு விலகியபோது வந்த அதிர்ச்சி வேறு, இது வேறு. அவள் தலைக்குள் கல்லாகக் கிடந்த வாக்கியத்தை இந்த ஆள் எடுத்து, இழக்கப்போவது தான்தான் என்று தெரிந்தும், என் வாயால் சொல்கிறேன் என்கிறான். முழுக் கை வைத்திருந்தவர் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை. உண்மை தெரிந்த மூன்று பேரில், சொல்ல வாய் திறந்தவன் இவன் ஒருவன். "என்னடா பேச்சு அங்க, கல்லு மேல வெச்சு வெட்டு" என்றார் மேஸ்திரி. உத்தண்டி குனிந்து காயைக் கல்லின் மேல் வைத்தான், அது உருண்டது. அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி எடுத்து வைத்தான், மறுபடி உருண்டது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். தையல் குனிந்து தேங்காயை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். "கைய எடு" என்றான் அவன். "இந்தக் கை இன்னும் பழகல. முந்தாநாளு வாழத்தார வெட்டப் போயி மரத்தையே சாச்சுட்டேன்." அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி, பயத்தில் கை மரத்துப் போயிருந்தது. இது தான் எடுத்த முடிவா, அல்லது முடிவெடுக்கத் தெரியாமல் நிற்கிறோமா என்று அவளுக்கே புரியவில்லை. அஞ்சலை அந்தப் பக்கம் தேங்காய் மூடியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வெட்டுங்க" என்றாள் தையல். "சொல்லிடவா?" என்றான் கடைசியாக. "வேணாம். வெட்டுங்க." அவன் கை உயர்ந்தது, அலகில் காய்ந்த மஞ்சள் வெயிலில் தெரிந்தது. அவள் கண்ணை மூடவில்லை. சத்தம் கேட்டது. கையில் ஈரம், முழங்கை வரைக்கும் வழிந்தது, வெதுவெதுப்பா குளிர்ச்சியா என்று தெரியவில்லை. காய் கோணல்மாணலாகப் பிளந்து ஒரு பாதி மணலில் விழுந்தது. குலவை எங்கோ கேட்டது. அவன் அரிவாளைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தான், வெளுத்துப் போயிருந்தான். "அஞ்சும் இருக்கா?" அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று சின்னப் பிள்ளை எண்ணுவது போல எண்ணி, நம்பாமல் முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள். பிறகு தன்னைப் பிடித்திருந்த அவன் விரல்களையும் எண்ணினாள். "இருக்கு" என்றாள், அது யார் குரலோ மாதிரி இருந்தது. "நமக்கு மொத்தம் பதினஞ்சு இருக்கு."